குடும்பத்தில் ஏற்கெனவே இருவருக்கு புரோஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சையின் பலன் குறையுமா?

கரிசல்காடு:

அப்பாவுக்கு வயது 61. பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 7.8. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு எடுத்த பயாப்சியில் 12 துண்டுகளில் 4-ல் கேன்சர், கிளீசன் (நோயின் வீரிய மதிப்பெண்) 3+4=7. சுரப்பி 38 சி.சி., விரல் பரிசோதனையில் எதுவும் தட்டுப்படவில்லை. தாத்தா (அப்பாவின் அப்பா) 70 வயதில் இதே நோய் எலும்புக்குப் பரவி இறந்தார். பெரியப்பாவுக்கு 64-ல் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். "குடும்பத்தில் ஓடுகிற கேன்சர் வீரியமானது, கரண்ட் (ரேடியேஷன்) வைத்தால் கேட்காது, ஆபரேஷன்தான் வழி" என்று சொந்தக்காரர்கள் ஒரே பேச்சு. டாக்டரோ இரண்டில் எதையும் செய்யலாம் என்கிறார். குடும்ப வரலாறு சிகிச்சையின் முடிவை மாற்றுமா? மரபணு சோதனை தேவையா? பாட்டியின் தங்கைக்கு சினைப்பைப் புற்றுநோய் வந்தது. பெண்களுக்கு வருவது, அதுவும் பாட்டி வழி என்பதால் இதில் சேராது என்று நினைக்கிறேன்.

தாமிரபரணி:

நோய் வருவதற்கான வாய்ப்பு ஒன்று, வந்த நோய் சிகிச்சைக்குக் கேட்குமா என்பது வேறொன்று. உங்கள் சொந்தக்காரர்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

முதலாவதில் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அப்பாவைவிட அண்ணன் தம்பிக்கு இருப்பது இன்னும் கனமான சேதி. நார்டிக் நாடுகளின் இரட்டையர் ஆய்வு (2016) இந்த நோயில் பரம்பரையின் பங்கை 57% என்று கணக்கிட்டது. பொதுவான புற்றுநோய்களில் இவ்வளவு பரம்பரைப் பங்கு உள்ளவை குறைவு.

இரண்டாவதில் படம் வேறு. 1997-ல் கிளீவ்லாண்ட் கிளினிக் குழு, குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. மறுபடி ஏறுவது அதிகம் என்று எழுதியது. சொந்தக்காரர்கள் பேச்சின் மூலம் அந்தக் காலத்து எண்ணம்தான். பி.எஸ்.ஏ. பரிசோதனை பரவிய பிறகு சிகிச்சை பெற்றவர்களை வைத்து அதே குழு 2006-ல் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. கிளீசன், பி.எஸ்.ஏ., நோயின் கட்டம் மூன்றும் ஒன்றாக இருந்தால், குடும்ப வரலாறு மட்டும் தனியாக முடிவைக் கெடுப்பதில்லை. ஆபரேஷனோ ரேடியேஷனோ, இரண்டுக்கும் இது பொருந்தும்.

இதில் ஒரு மறைவான கோளாறும் உண்டு. அண்ணனுக்கு நோய் என்றதும் தம்பிமார் எல்லாரும் பி.எஸ்.ஏ. பார்க்கப் போவார்கள். வெளியே தெரியாமல் கிடந்த சின்னச் சின்ன கேன்சர்கள் அப்போது மாட்டும். ஸ்வீடனில் 2010-ல் வந்த ஆய்வில், ஒருவருக்கு நோய் தெரிந்த முதல் வருடத்திலேயே சகோதரர்களிடம் ஆரம்பக் கட்ட நோய் எக்கச்சக்கமாகப் பதிவாகியிருந்தது. ஆக, குடும்ப எண்ணிக்கை கூடுவதில் ஒரு பகுதி தேடியதால் கிடைத்தது.

"ஆபரேஷன்தான் வழி" என்பதற்கும் ஆதாரம் கிடையாது. பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வில் 1,643 பேரை மூன்றாகப் பிரித்து 15 வருடம் பார்த்தார்கள். இந்த நோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் (உடனே சிகிச்சை செய்யாமல் பரிசோதித்துக்கொண்டே இருப்பது) 3.1%, ஆபரேஷனில் 2.2%, ரேடியேஷனில் 2.9%. கண்காணிப்பில் மட்டும் பரவல் 9.4%, மற்ற இரண்டிலும் சுமார் 5%. அதில் பெரும்பாலோர் உங்கள் அப்பாவைவிடக் குறைந்த ஆபத்துள்ளவர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உறவினர் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதைவிட, வந்தவர்கள் எப்படிப் போனார்கள் என்பது முக்கியம். 2007-ல் வந்த இன்னொரு ஸ்வீடன் ஆய்வில், நோய் வந்து சீக்கிரம் இறந்த தந்தையரின் மகன்களுக்கு, அதே நோய் வந்தபோது இறப்பு ஆபத்து ஏறக்குறைய இருமடங்கு. உங்கள் தாத்தா விஷயம் இங்கேதான் வருகிறது. பழைய ஃபைல் இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: ஆண் ஹார்மோனை நிறுத்த விதை எடுத்தார்களா, மாதம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டார்களா, கடைசியில் முதுகுவலியோடு கால் விழுந்ததா? இதில் ஏதாவது உண்டென்றால் பரவிய நோயாகத்தான் இருக்கும். சிறுநீர் அடைத்து "புரோஸ்டேட் ஆபரேஷன்" செய்தார்கள் என்றால் பெரும்பாலும் சாதாரண வீக்கம், அதைக் கேன்சர் கணக்கில் எழுதாதீர்கள்.

வெள்ளியங்கிரி:

பாட்டியின் தங்கை சேராது என்பதுதான் இந்தக் கேள்வியில் உள்ள பெரிய தப்பு. பழுதானால் கேன்சர் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் கோளாறு ஆண் பெண் இருபாலுக்கும், அம்மா வழியாகவும் அப்பா வழியாகவும், பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்கும். பெண்ணுக்கு மார்பகம், சினைப்பை, ஆணுக்கு புரோஸ்டேட், இருவருக்கும் கணையம் என்று கேன்சர் வரலாம். உங்கள் அப்பாவுக்கு அவர் அம்மாவின் தங்கை நெருங்கிய ரத்த உறவு. அந்த ஒரு சினைப்பைக் கேன்சரே சோதனைக்குப் போதும்.

குடும்பத்தில் புரோஸ்டேட் கேன்சர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து சோதனைக்கு ஆள் பிடித்தால் நிறையப் பேர் தவறிப்போவார்கள். 2016-ல் வந்த ஆய்வில், நோய் பரவிய 692 பேரில் 11.8% பேருக்கு டி.என்.ஏ. பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவிக் கோளாறு இருந்தது. வீட்டில் புரோஸ்டேட் கேன்சர் இருந்தவர், இல்லாதவர் இடையே அதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

சிகிச்சை முடிவை மாற்றுவது இந்த மரபணுதான். சுரப்பிக்குள் நோய் இருந்தபோதே ஆபரேஷனோ ரேடியேஷனோ செய்துகொண்டவர்களை 2015-ல் ஒப்பிட்டார்கள். ஐந்து வருடத்தில் பரவாமல் இருந்தவர்கள்: கோளாறு இல்லாதவர்களில் 94%, பி.ஆர்.சி.ஏ. கோளாறு உள்ளவர்களில் 72%. ஆனால் அவர்களுக்கு ஆபரேஷன் நல்லதா ரேடியேஷன் நல்லதா என்று சொல்ல, குலுக்கிப் பிரித்த ஆய்வு கிடையாது.

சோதனையை முதலில் அப்பாவுக்குச் செய்யுங்கள், உங்களுக்கு வேண்டாம். நோய் உள்ளவரிடம் கோளாறு எது என்று தெரியாமல் மகனுக்கு "இல்லை" என்று வந்தால் அதில் ஒன்றும் விளங்காது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் கொடுத்தால் போதும். சோதிக்கும் மரபணுப் பட்டியலில் பி.ஆர்.சி.ஏ.1, 2, ஏ.டி.எம்., செக்2, பால்பி2, லிஞ்ச் மரபணுக்கள், ஹாக்ஸ்பி13 இருக்கிறதா, மரபணுவில் பெரிய துண்டே விடுபட்டுப்போகும் நீக்கங்களையும் (எம்.எல்.பி.ஏ. அல்லது அதற்கு ஈடான முறை) பார்ப்பார்களா என்று லேபில் கேளுங்கள். "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நம்மவர்களின் டி.என்.ஏ. தகவல் தொகுப்புகளில் குறைவு என்பதால் நமக்கு அது அடிக்கடி வரும்.

இந்த மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்குத் தரும் ஓலாபரிப் மாத்திரை பற்றி யாராவது சொல்வார்கள். அது பரவி, ஹார்மோன் சிகிச்சைக்கும் அடங்காத நோய்க்கானது. இப்போது கேட்க வேண்டாம்.

கரிசல்காடு:

நன்றி. பயாப்சி ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். "நான்காம் வகை 15%, கிரிப்ரிஃபார்ம் உண்டு" என்று இருக்கிறது. கண்காணிப்பிலேயே இருக்கலாமா என்று அப்பா கேட்கிறார். இன்னொன்று, தாத்தாவும் பாட்டியும் சொந்த அத்தை மகன், மாமன் மகள்.

தாமிரபரணி:

அந்தக் கிரிப்ரிஃபார்ம்தான் ரிப்போர்ட்டிலேயே முக்கியமான சொல். நான்காம் வகைச் செல்கள் நடுநடுவே ஓட்டை விட்டுத் தட்டையாகப் பரவி நிற்கும் அமைப்பு அது. அது இருந்தால் பின்னால் பரவுவதும் திரும்புவதும் கூடுதல். 7.8-ஐ 38-ஆல் வகுத்தால் பி.எஸ்.ஏ. அடர்த்தி 0.2 வருகிறது, 0.15-க்கு மேல் போனால் கண்காணிப்பு யோசிக்க வேண்டியது. குடும்ப வரலாறு மட்டும் என்றால் கண்காணிப்புக்குத் தடையில்லை. இந்த இரண்டும் சேர்ந்திருக்கும்போது, மரபணு முடிவும் வராத நிலையில், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பயாப்சி ஸ்லைடுகளை இந்தத் துறையில் தேர்ந்த வேறொரு நோய்க்கூறியலாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். 3+4 என்பது 4+3 ஆனால் (அதாவது வீரியமான நான்காம் வகையே அதிகம் என்றால்) திட்டமே மாறும்.

ரேடியேஷன் என்றால் 20 முறை, மொத்தம் 60 கிரே (கதிர் அளவு), நான்கு வாரம். பழைய 37 முறைக்கு இது குறைந்ததில்லை என்று பிரிட்டனின் சிப் ஆய்வு காட்டியது. 3+4 ஆகவே நின்றால் ஹார்மோன் ஊசி இல்லாமலும் போகலாம். 4+3 ஆனால் 4 முதல் 6 மாதம் ஊசி சேரும்.

பிறகு பார்க்க வேண்டிய எண்கள்: ஆபரேஷனுக்கு 6 முதல் 8 வாரம் கழித்து பி.எஸ்.ஏ. 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும். 0.2 அல்லது அதற்கு மேல் இருமுறை வந்தால் திரும்பியதாகக் கணக்கு. ரேடியேஷனில் அப்படி இல்லை, மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் திரும்பியதாகக் கொள்வார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் சற்றே ஏறித் தானாக இறங்குவதும் உண்டு. அதைப் பார்த்து உடனே ஊசி போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் ஒரே லேபில் பாருங்கள்.

செவ்வந்தி:

தாத்தா பாட்டி சொந்தம் என்றால் "அவர் வழி, இவர் வழி" என்று பிரிக்கவே முடியாது, பரம்பரைப் படத்தை ஒன்றாகவே போடுங்க. அப்பாவுக்கு பி.ஆர்.சி.ஏ.2 வந்தால் பெரியப்பா, அத்தைமார், உங்க அக்கா தங்கை எல்லாருக்கும் சொல்லணும். பெண்களுக்குத்தான் அதில் அவசரம் அதிகம். வீட்டில் மறுபடி சொந்தத்தில் கல்யாணம் பேசினால் இரண்டு பேருக்கும் அந்த ஒரு கோளாறைப் பார்த்துக்கணும். இருவருக்கும் இருந்தால் பிறக்கிற குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை (எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் கடுமையான பிறவி நோய்) வர நாலில் ஒரு வாய்ப்பு.

உங்க விஷயம்: 40 வயதிலிருந்து பி.எஸ்.ஏ. பாருங்க. சிறுநீர்த் தொற்று இருந்தால் ஆறு வாரம் கழித்து எடுங்க. பிற்காலத்தில் முடி கொட்டாமல் இருக்கவோ புரோஸ்டேட் வீக்கத்துக்கோ ஃபினாஸ்டெரைடு மாத்திரை சாப்பிட்டால் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ. எண் பாதியாகும். லேப் ரிப்போர்ட் அதை இரட்டிப்பாக்கிக் காட்டாது, டாக்டரிடம் நீங்கதான் சொல்லணும்.