ஆறில் ஒன்று: பாடகி சித்ராவை இளையராஜா உருவாக்கினாரா?

நாகர்கோவில் தம்பி:
"ராஜா இல்லையென்றால் சித்ரா இன்றைக்குக் கேரளத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்." நேற்று எஸ்.பி.பி. பற்றிய விவாத இழையில் ராஜபக்தன் எழுதிய வரி. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது, அதனால்தான் இந்தத் தனி இழை. சித்ராவுக்குத் தேசிய விருது ஆறு. பம்பாய் ரவி இசையில் இரண்டு. ரகுமான், அனு மாலிக், பரத்வாஜ் ஆளுக்கு ஒன்று. ராஜா இசையில் ஒன்று. ஆறில் ஒன்று! அதை வைத்துக்கொண்டு உருவாக்கினார், செதுக்கினார் என்று எழுதுவதா?

ராஜபக்தன்:
எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். அந்த ஒன்று எந்த ஒன்று என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? முதல் விருது தம்பி. 'சிந்து பைரவி', 1985. சித்ராவுக்கு அப்போது 22 வயது. அதே படத்துக்கு ராஜாவுக்கும் விருது, சுஹாசினிக்கும் விருது. முதல் படியைக் கட்டியவரை விட்டுவிட்டு மாடியில் நின்று கணக்குப் பார்க்காதீர்கள்.

நாகர்கோவில் தம்பி:
முதல் படியா? சினிமாவில் முதலில் பாட வைத்தவர் மலையாள இசையமைப்பாளர் எம்.ஜி. ராதாகிருஷ்ணன். பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர் தங்கை ஓமனக்குட்டி டீச்சர். யேசுதாஸ் தன் கச்சேரி மேடைகளில் கூடப் பாட வைத்தார். ராஜா இசையில் ஃபாசில் 'பூவே பூச்சூடவா' எடுத்தது 1985இல். அதன் மலையாள மூலம் 1984. அதிலேயே ஜெர்ரி அமல்தேவ் இசையில் சித்ரா பாடியாயிற்று. எங்கள் ஊரில் திருவனந்தபுரம் வானொலி தெளிவாகக் கேட்கும். நீங்கள் "சின்னக்குயில்" என்று பட்டம் கொடுப்பதற்கு முன்பே எங்கள் வீட்டு அடுக்களையில் அந்தக் குரல் கேட்டது. ஆறில் ஒன்று அண்ணே, ஆறில் ஒன்று.

கேசட் கடை:
நான் 1985இல் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தவன். 60 நிமிட டி.டி.கே. கேசட், பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. வாடிக்கையாளர் சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்பார்கள். புதுப் பாடகி பெயர் யாருக்கும் தெரியாது. "ஜானகி மாதிரி, ஆனா ஜானகி இல்ல, அந்தப் பொண்ணு பாட்டு" என்று எழுதியிருப்பார்கள். ஒரு வருடத்தில் அதே ஆட்கள் "சித்ரா பாட்டு மட்டும் ஒரு கேசட்" என்று கேட்டு வந்தார்கள். இடையில் என்ன நடந்தது? ராஜா பாட்டு மேல் பாட்டாகக் கொடுத்தார். வானொலிக் கதை இருக்கட்டும், சீட்டு எழுதி வாங்கியவன் நான்.

நாகர்கோவில் தம்பி:
சீட்டுக் கணக்கு வேண்டாம், பாட்டுக்கு வாருங்கள். 'சிந்து பைரவி'யில் விருது வாங்கித் தந்த 'பாடறியேன் படிப்பறியேன்' நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்குகிறது. போகப் போக அதே ராகத்தில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய்ச் சேர்கிறது. காம்போதி ராகத்தில் பாடி வந்த கீர்த்தனையை ராஜா சாரமதியில் போட்டார். அபாரம்தான், யார் மறுத்தது? ஆனால் அந்த இடத்தில் எளிய பாட்டுக் குரலை விட்டுவிட்டு, மூச்சு வாங்காமல் கச்சேரிக் குரலுக்கு மாற வேண்டும். அந்தத் தொண்டை ஓமனக்குட்டி டீச்சர் வீட்டில் தயாரானது. மெட்டு ராஜாவுடையது, தொண்டை யாருடையது?

ராஜபக்தன்:
இந்தப் பெண்ணால் இந்த இடத்தைத் தாண்ட முடியும் என்று கண்டுபிடித்தது யார்? ஜானகி இருந்தார், சுசீலா இருந்தார், வாணி ஜெயராம் இருந்தார். அவர்களை விட்டு 22 வயதுப் பெண்ணிடம் அந்தப் பாட்டைக் கொடுத்தாரே, அதற்குப் பெயர்தான் உருவாக்குவது. விருதுக் கணக்குதான் வேண்டும் என்றால் ஜானகிக்கு நான்கு தேசிய விருது, மூன்று ராஜா இசையில். நான்கில் மூன்று! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நாகர்கோவில் தம்பி:
ஜானகியையும் ராஜாதான் உருவாக்கினாரா? அவர் 1957இல் பாட வந்தவர். ராஜா வந்தது 1976, 'அன்னக்கிளி'. அந்தப் படத்தில் ஜானகி பாடித்தான் ராஜா ஊருக்குத் தெரிந்தார். இன்னும் போனால் ராஜாதான் ஜானகிக்குத் தாலாட்டுப் பாடினார் என்பீர்கள்.

மேடைப் பாடகி:
இரண்டு பேரும் ஆண்கள் பெயராகவே அடுக்குகிறீர்கள். நான் இருபது வருடம் மெல்லிசை மேடையில் பாடியவள், ட்ராக் பாடியவள், அதாவது பெரிய பாடகர் பாடுவதற்கு முன் மாதிரிக்குப் பாடிக் கொடுப்பவள். ஓர் இசையமைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். காலை ஒன்பது மணிக்குப் போய், மாலை வரை ஹெட்போனைக் காதில் மாட்டியபடி நின்று முழுப் பாட்டையும் பாடிக் கொடுத்தேன். கேசட் வந்தபோது அதே சங்கதி, அதே இழுப்பு, குரல் மட்டும் வேறு ஆளுடையது. முதல் வாய்ப்பு நிறையப் பேருக்குக் கிடைக்கும். இரண்டாவது பாட்டுக்குக் கூப்பிட ஆள் வேண்டும். சித்ராவை ராஜா மறுபடி மறுபடி கூப்பிட்டார். அதன் அருமை எனக்குத் தெரியும்.

நாகர்கோவில் தம்பி:
அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் திரும்பக் கூப்பிடுவது கருணை இல்லை. நன்றாகப் பாடினால் கூப்பிடுகிறார்கள்.

மேடைப் பாடகி:
அப்படியானால் நான் நன்றாகப் பாடவில்லை என்கிறீர்களா?

நாகர்கோவில் தம்பி:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்?

ராஜபக்தன்:
சொன்னீர்கள், எல்லாரும் படித்தார்கள்.

புயல் விசிறி:
ராஜா ராஜா என்றே போகிறது. சொர்ணலதாவுக்கு ராஜா எத்தனையோ பாட்டுக் கொடுத்தார். தேசிய விருது வந்ததோ ரகுமானின் 'கருத்தம்மா'வில். சொர்ணலதா 37 வயதில் போய்விட்டார், பாவம். ஒரு குரலின் உச்சத்தை எடுத்துக் காட்டுகிறவர்தான் அதை உருவாக்கியவர்.

ராஜபக்தன்:
சொர்ணலதாவை அறிமுகம் செய்தவர் எம்.எஸ்.வி., 1987. அதைச் சொல்லாமல் ரகுமானைக் கொண்டு வருவது உங்கள் பழைய பழக்கம். போன மாதம் பாடகி மின்மினி பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

நாகர்கோவில் தம்பி:
ஆக, எம்.எஸ்.வி. அறிமுகம் செய்தால் அது கணக்கில் வரும், ராதாகிருஷ்ணன் அறிமுகம் செய்தால் வராது! உங்கள் தராசு நன்றாக இருக்கிறது.

ராஜபக்தன்:
தமிழில் அறிமுகம் பற்றிப் பேசுகிறேன்.

நாகர்கோவில் தம்பி:
"கேரளத்தில் டீச்சர்" என்று எழுதியபோது தமிழ் மட்டும் என்று போட்டீர்களா?

கேசட் கடை:
தம்பி, எஸ்.பி.பி. தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கோதண்டபாணி பெயரை வைத்தார். தெலுங்கில் முதல் வாய்ப்புத் தந்தவர் பெயர். பாடுகிறவர்களே நன்றியோடு இருக்கிறார்கள், கேட்கிற உங்களுக்கு என்ன குறை?

நாகர்கோவில் தம்பி:
அதைத்தானே நானும் சொல்கிறேன் அண்ணாச்சி! முதல் வாய்ப்புத் தந்தவர் பெயரை வைத்தார். அந்தக் கணக்கில் சித்ராவுக்கு ராதாகிருஷ்ணன் பெயர் வரும். நீங்களே என் பக்கம் பேசிவிட்டீர்கள்.

கேசட் கடை:
நான் உன் பக்கம் பேசவில்லை.

ராஜபக்தன்:
1985இல் அந்தப் பாட்டு இல்லாமல் மற்ற ஐந்து விருது வந்திருக்குமா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நாகர்கோவில் தம்பி:
அடுத்த வருடமே பம்பாய் ரவி இசையில் மலையாளத்தில் வாங்கினார், 'நகக்ஷதங்கள்'. அவர் ராஜாவைக் கேட்டா கூப்பிட்டார்? ஆறில் ஒன்று. நாளைக் காலை பம்பாய் ரவி பாட்டுகளுக்கு என்றே தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

ராஜபக்தன்:
வருகிறேன். அங்கேயும் முதல் விருது எது என்றுதான் கேட்பேன்.