நாட்டின் நல்வாழ்வு கூடும்போது இயற்கை வளம் தேய்கிறதா? ஆண்டுவாரி எண்களை எப்படிப் படிப்பது?

ஏலாக்கரை (மார்த்தாண்டம்) கேட்டது:

மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் கற்பிக்கிறேன். பிளஸ் டூ மாணவர்களுக்காக ஒரு வரைபடம் தயாரித்தேன். கிடைமட்ட அச்சில் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து 0 முதல் 1 வரை அளந்து ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990 முதல் வெளியிட்டு வரும் மனித மேம்பாட்டுக் குறியீட்டை வைத்தேன். செங்குத்து அச்சில் வைத்தது ஒருவருக்கான சூழலியல் அடிச்சுவடு. அதாவது ஒருவர் உண்பதையும் உடுப்பதையும் விளைவிக்கவும், அவர் எரிப்பதால் எழும் கரியமில வாயுவை உள்வாங்கவும் எவ்வளவு நிலமும் நீர்ப்பரப்பும் வேண்டும் என்ற கணக்கு. புள்ளிகளை இணைத்துப் பார்த்தால் பெரும்பாலான நாடுகள் வலப்பக்கம் நகர நகர மேலேயும் ஏறுகின்றன.

இரண்டு இடங்களில் தடுமாறி நிற்கிறேன். 2009ஆம் ஆண்டு அறிக்கையில் 0.612 என்றிருந்த இந்தியாவின் குறியீடு 2010 அறிக்கையில் 0.519 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த ஓராண்டில் நம் வாழ்வு அவ்வளவு சரிந்ததாக எனக்கு நினைவில்லை. இன்னொன்று, ஒரு மாணவி கேட்டது: "டீச்சர், நம்ம மாவட்டம் இதுல எங்க நிக்கும்?" 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் கன்னியாகுமரி மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்தது என்று சொன்னேன். அவள் கேட்டதற்கு அது பாதிப் பதில்கூட இல்லை என்பது சொல்லி முடித்ததுமே தெரிந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை (நாகர்கோவில்):

டீச்சர், முதல் தடுமாற்றத்துக்குக் காரணம் நாடு அல்ல, அளவுகோல். 2010இல் கணக்கிடும் முறையையே மாற்றினார்கள். அதுவரை ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தார்கள். அதன்பின் மூன்றையும் பெருக்கி மூன்றாம் படிமூலம் எடுக்கிறார்கள். பழைய முறையில் ஒன்றில் இருக்கும் பள்ளத்தை மற்றொன்றின் மேட்டைக் கொண்டு நிரவிவிடலாம், புதிய முறையில் அது எளிதல்ல. கல்வியை அளக்கவும் எழுத்தறிவு விழுக்காட்டை விட்டுவிட்டு, ஒருவர் சராசரியாக எத்தனை ஆண்டு பள்ளியில் படித்தார், இன்று பள்ளிக்குள் நுழையும் குழந்தை எத்தனை ஆண்டு படிக்க வாய்ப்பிருக்கிறது என்ற இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எண் குறைந்த அதே அறிக்கையில் இந்தியாவின் இடம் 134இலிருந்து 119க்கு முன்னேறியது! ஆகையால் வெவ்வேறு ஆண்டறிக்கைகளின் எண்களை ஒரே கோட்டில் இணைக்கக் கூடாது. ஒவ்வொரு புதிய அறிக்கையிலும் 1990 வரை பின்னோக்கி ஒரே முறையில் திரும்பக் கணக்கிட்ட அட்டவணை ஒன்று இருக்கும், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டு அச்சுகளையும் ஒன்றாக்கும் முயற்சி 2020 அறிக்கையில் நடந்தது. ஒருவருக்கான கரியமில வாயு வெளியீடு, ஒருவருக்காகத் தோண்டியும் வெட்டியும் எடுக்கப்படும் பொருள்களின் எடை ஆகிய இரண்டின் அளவுக்கு ஏற்ப மேம்பாட்டு எண்ணைக் குறைத்துக் காட்டினார்கள். முதலிடத்தில் இருந்த நார்வே அதில் 15 இடங்கள் பின்னுக்குப் போயிற்று. மிக உயர்ந்த மேம்பாடு கொண்டவை என்ற வரிசையிலிருந்து 50க்கும் மேற்பட்ட நாடுகள் வெளியே விழுந்தன. தேசிய வருமானத்தைக் கொண்டு நாட்டு மக்களின் நலத்தை அறிய முடியாது என்று, அந்தக் கணக்கை வகுத்த சைமன் குஸ்நெட்ஸே 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் எச்சரித்திருந்தார் என்பதையும் மாணவர்களிடம் சொல்லலாம்.

கும்பப்பூ (குலசேகரம்):

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்தக் குறியீடுகள் பெரும்பாலும் ஓராண்டின் வரவையும் செலவையும் பார்க்கின்றன, பெட்டியில் மீதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை என்பது என் குறை. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் தாத்தாவின் கணக்கு நோட்டில் பார்த்தேன்.

அந்த நோட்டில் முதல் பக்கங்கள் முழுவதும் கன்னிப்பூப் போகத்துக்கு இத்தனை கோட்டை, கும்பப்பூப் போகத்துக்கு இத்தனை கோட்டை என்று நெல் வரவு இருக்கும். பிறகு மரச்சீனி (மரவள்ளி) போட்டிருந்த விளையில் ரப்பர் வைத்ததும், ஏலாவில், அதாவது வயல்வெளியில், நெல்லை விட்டு வாழைக்கு மாறியதும் எழுதப்பட்டிருக்கின்றன. ரப்பர் ஷீட் விற்ற காசு வரத் தொடங்கியதும் வரவுப் பக்கம் தடிக்கிறது. அத்தைமார் இருவரையும் கல்லூரியில் சேர்த்த கட்டணமும், ஓலைக்கூரையை மாற்றி ஓடு வேய்ந்த செலவும் அதற்கடுத்த பக்கங்களில் வருகின்றன. எந்தக் குறியீட்டை வைத்துப் பார்த்தாலும் அந்தக் குடும்பத்தின் நல்வாழ்வு உயர்ந்தது, அதில் ஐயமே இல்லை.

ஆனால் செலவுப் பக்கத்தில், கிணற்றுக்குக் கயிறு வாங்கிய ஒவ்வொரு முறையும் அதன் நீளத்தைத் தாத்தா எழுதிவைத்திருக்கிறார். 1962இல் 18 முழம், 1974இல் 22 முழம், 1985இல் 27 முழம். ஏலாவில் நெல் இருந்தவரை மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நின்று நிலத்துக்குள் இறங்கியது. வாழை நட்டபோது அதே வயலில் வடிகால் வெட்டித் தண்ணீரை வெளியே விட்டோம். 1985க்குப் பிறகு கயிற்றுக் கணக்கே இல்லை. கிணறு மீண்டுவிட்டதால் அல்ல, மோட்டார் வைத்துவிட்டதால். அதிலிருந்து கரண்டு பில் மட்டும் இருக்கிறது. கிணறு எத்தனை முழம் இறங்கியது என்பதை நோட்டு சொல்வதில்லை.

நாட்டளவில் இதன் கடைசிப் பக்கத்தைப் பார்க்க விரும்பினால் நவ்ரூவைப் பாருங்கள். பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு அது. 1968இல் விடுதலை பெற்றபின் பாஸ்பேட் விற்ற பணத்தால் 1970களில் தலைக்கு வரும் வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக இருந்தது. அந்த ஆண்டுகளின் புள்ளியை மட்டும் உங்கள் வரைபடத்தில் வைத்தால் அது வெற்றிக் கதை. தீவின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலத்தைத் தோண்டி முடித்தபோது, பயிர் வைக்க முடியாத கூர்ப்பாறைகளும், கரைந்துபோன சேமிப்பு நிதியும், இறக்குமதி உணவால் பெருகிய நீரிழிவு நோயும்தான் மிஞ்சின.

ஏலாக்கரை:

கும்பப்பூ அண்ணா, அந்தக் கயிற்றுக் கணக்கை வகுப்பில் சொல்ல அனுமதி வேண்டும். அப்படியானால் மேம்பாடு என்றாலே கையிருப்பைத் தின்பதுதான் என்று ஆகிவிடாதா? ஒரு நாடாவது வேறு வழியில் போகவில்லையா?

மலையோரம் (தக்கலை):

கோஸ்டாரிகாவை எல்லோரும் சுட்டுவார்கள். ஆயுளையும் மனநிறைவையும் பெருக்கி அடிச்சுவட்டால் வகுக்கும் மகிழ்ச்சியான கோள் குறியீட்டில் 2009, 2012, 2016 ஆகிய மூன்று பட்டியல்களிலும் அதற்கே முதலிடம். 1948இல் படையைக் கலைத்துவிட்டுக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பணத்தைத் திருப்பிய நாடு. சராசரி ஆயுள் 80 ஆண்டை ஒட்டி இருக்கிறது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் காட்டின் கதை. மாட்டுப் பண்ணைகளுக்காக வெட்டி வெட்டி 1980களில் ஏறத்தாழக் கால் பங்காகச் சுருங்கிய காடு, இன்று நாட்டின் பாதிக்கும் மேல் பரவியிருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மரத்தை நிற்கவிடும் நில உடைமையாளருக்கு எரிபொருள் வரியிலிருந்து பணம் கொடுக்கிறார்கள். மாட்டிறைச்சி விலை சரிந்ததும் இதற்குத் துணை செய்தது என்பதைப் புகழ்பவர்கள் சொல்வதில்லை. அந்நாட்டு வாழை, அன்னாசித் தோட்டங்களில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி அளவு மிக அதிகம் என்பதையும் சொல்வதில்லை. ஆக, அதுவும் பாதி வெற்றிதான். ஆனாலும் நல்வாழ்வு ஏறிக்கொண்டிருக்கும்போதே காடு திரும்பி வந்தது என்பது பொய்யல்ல.

அடிச்சுவட்டுக் கணக்கைக் குறித்து ஒரு மாறுபாடு உண்டு. கும்பப்பூவின் கிணறு அதில் வராது. நிலத்தடி நீர் இறங்குவதையும் மேல்மண் கரைவதையும் அது அளப்பதில்லை. உரம் போட்டு விளைச்சலைக் கூட்டினால் நிலத்தின் திறன் கூடியதாகவே எழுதிக்கொள்ளும். ஆனால் ஒரு விஷயத்தில் அது நேர்மையானது, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த இடத்தின் கணக்கில் ஏற்றும். பிரிட்டன் தன் எல்லைக்குள் வெளியிடும் கரியமில வாயுவை 1990இல் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிட்டது. வெளிநாட்டில் செய்து வாங்கும் பொருள்களையும் சேர்த்தால் குறைவு அவ்வளவு இல்லை. நம் ஊர்ச் சாலையில் விடியற்காலையில் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். பாறை உடைத்த மலை இங்கே நிற்கிறது, அல்லது நிற்கவில்லை. ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரள எல்லையான களியக்காவிளை தாண்டிப் போகின்றன. கட்டடம் எழும் இடத்தில் வளர்ச்சி பதிவாகும், மலை போனது எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

மாணவியின் கேள்விக்கு அதனால்தான் ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. 91.75 ஒரு பக்கம் இருக்கட்டும். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களின் பரப்பு, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைமடைக்குச் சேரும் நாள்கள், நெல் நிற்கும் ஏலாக்கள் ஆகியவற்றை ஆண்டுவாரியாக அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஏலாக்கரை:

மிக்க நன்றி. வரைபடத்தைத் திருத்தி, ஒரே அறிக்கையின் அட்டவணையிலிருந்து புதிதாக வரைகிறேன். மாணவர்களை அவரவர் வீட்டுக் கிணற்றின் ஆழத்தை அளந்துவரச் சொல்லப் போகிறேன். ஆனால் பழைய அளவு தெரியாமல் இன்றைய அளவை வைத்து என்ன செய்வது? எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தா இருந்திருக்க மாட்டாரே.

கும்பப்பூ:

கோடையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், டீச்சர். தண்ணீர் நெடுங்காலம் நின்ற மட்டத்தில் சுவரில் ஒரு கறுத்த கறை இருக்கும். அதற்குக் கீழே கல் நிறம் மாறி, ஆழப்படுத்திய இடத்தில் கட்டு வேறாகத் தெரியும். எந்த ஆண்டு தூர்வாரி ஆழப்படுத்தினார்கள் என்பது வீட்டில் இருக்கும் பாட்டிக்குத் தெரியும். இன்னாருடைய கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என்றுதான் சொல்வார்கள், கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.