கையால் சுவிட்ச் போடுவதைத்தான் வீடு கவனிக்க வேண்டும்

ஆள் நடமாட்டம் பார்த்துத் தானே எரிந்து அணையும் விளக்கு வைத்த வீடுகளில், பெரியவர்கள் ஹாலில் அசையாமல் பேப்பர் படித்தால் விளக்கு அணைந்துபோகிறது என்பதுதான் அதிகம் வரும் புகார். அதில் வழக்கமாக இருக்கும் பிஐஆர் சென்சாருக்கு நகரும் உடல்சூடு மட்டுமே தெரியும். அணையும் நேரத்தை 20 நிமிடமாக்கினால் காலி அறையில் விளக்கு வீணாக எரியும். 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரான எல்டி2410, மூச்சில் மார்பு அசைவதையே பிடித்துவிடும். கூட ஒரு இஎஸ்பி32 போர்டும் (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை) 5 வோல்ட் அடாப்டரும் இருந்தால் போதும், மென்பொருளுக்கு இஎஸ்பிஹோம். விளக்கைப் போடுவது பிஐஆரின் வேலை, அணையாமல் வைத்திருப்பது ரேடாரின் வேலை என்று பிரித்துக் கொடுங்கள்.

சீலிங் ஃபேன்தான் ரேடாரை ஏமாற்றும். இந்த சென்சார் தூரத்தை 0.75 மீட்டர் கேட்களாக (அடுக்குகளாக)ப் பிரித்துப் பார்க்கிறது. ஃபேன் 3 மீட்டரில் இருந்தால் 4-ஆம் கேட்டில் உணர்திறனைக் குறைக்கலாம். ஆனால் அதே தூரத்தில் நாற்காலி இருந்தால் ஆளும் தொலைந்துவிடுவார். அதனால் முதலில் சென்சாரைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். பிளைவுட், ஜிப்சம் தடுப்புக்கு அப்பால் நடமாடுபவரையும் அது காட்டும் என்பதால் தூர வரம்பையும் அறையோடு நிறுத்துங்கள்.

*

வயரிங் பற்றி. சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ஸ்மார்ட் ரிலே மாட்யூலுக்குப் பெரும்பாலும் நியூட்ரல் வயர் வேண்டும். சுவிட்ச்போர்டில் 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரல் உண்டு. மாடிப்படி டூ-வே சுவிட்ச் பெட்டியில் பெரும்பாலும் இராது, மாட்யூல் வாங்குமுன் திறந்து பார்த்துவிடுங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 10 ஆம்பியர் மாட்யூலில் தினமும் ஓட்டினால் ரிலே காண்டாக்ட் சூடேறி ஒட்டிக்கொள்ளும், பிறகு அணைக்கவே முடியாது. காண்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) வைத்து, மாட்யூலால் அதன் காயிலை மட்டும் இயக்குங்கள்.

*

கரண்ட் போய் வந்ததும் நள்ளிரவில் எல்லா விளக்கும் எரிகிறதென்றால், மின்சாரம் திரும்பும்போது எந்த நிலை என்ற அமைப்பை ‘முன்பிருந்த நிலை’ என்று மாற்றுங்கள். வீட்டு ஆட்டோமேஷனை நடத்தும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி மெமரி கார்டில் ஓடினால் அடிக்கடி வரும் மின்வெட்டில் கார்டு கெட்டுவிடும். எஸ்எஸ்டிக்கு மாற்றி, ரவுட்டரோடு சேர்த்து இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

*

மேலே சொன்னதெல்லாம் அடித்தளம். பழகிக்கொள்ளும் வீடு என்றால் வேறு. 1990-களில் அமெரிக்காவின் போல்டர் நகரில் கணினி விஞ்ஞானி மைக்கேல் மோசர் தாம் வசித்த வீட்டிலேயே நியூரல் நெட்வொர்க்கை வைத்து இதைச் செய்து பார்த்தார். குடியிருப்பவர் கையால் விளக்கை மாற்றினால், அதையே வீடு பாடமாக எடுத்துக்கொள்ளும். இன்றைக்கும் அதைவிட நல்ல வழி இல்லை.

ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளில் இதைச் செய்யலாம். விளக்கை ஆட்டோமேஷன் மாற்றினால், அந்த மாற்றத்தின் கான்டெக்ஸ்ட்டில் (எதனால் மாறியது என்ற பதிவில்) பேரன்ட் ஐடி இருக்கும். செயலியில் மாற்றினால் யூசர் ஐடி இருக்கும். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் சுவரில் உள்ள சுவிட்ச்தான். அப்படி வந்ததும் ஒரு டைமரைத் தொடங்கி, அந்த அறையின் ஆட்டோமேஷனை 30 நிமிடம் நிறுத்துங்கள். அந்நேரத்து லக்ஸ் அளவையும் (அறையின் வெளிச்சம்) மணியையும் பதிந்துவையுங்கள். விளக்கு எரியும் வரம்பு 20 லக்ஸாக இருக்க, பல மாலைகளில் 40 லக்ஸிலேயே ஒருவர் கை சுவிட்சுக்குப் போனால் வரம்பை 40-க்கு உயர்த்துங்கள். ஒருமுறை நடந்ததற்கெல்லாம் மாற்றினால், விருந்தாளியின் பழக்கத்துக்கு வீடு ஆடும்.

வீட்டில் ஆள் உண்டா என்பதை போன் இருப்பிடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவே கூடாது. போன் வைத்துக்கொள்ளாத பாட்டி உள்ளே இருக்க, ஃபேனும் விளக்கும் அணைந்துவிடும். எல்லாப் போனும் வெளியே, எந்த அறை ரேடாரிலும் 15 நிமிடம் ஆளில்லை, இரண்டும் சேர்ந்தால் மட்டுமே ‘வெளியே’ நிலைக்குப் போகட்டும். அப்போதும் பாட்டி அறை ஃபேனை அணைக்கும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.