ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் வெடிக்கிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். என்னிடம் இருப்பது 2011இல் வாங்கிய 150 சிசி கார்பரேட்டர் வண்டி. ஒரு மாதமாக ஒரே தொல்லை. வேகம் எடுக்கும்போது ஒன்றும் இல்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. போன ஞாயிறு ஏற்காடு போனேன். ஏறும்போது சமர்த்தாக ஏறியது. இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் தீபாவளிதான். குரங்குகள்கூடத் தெறித்து ஓடின.

பிளக்கைக் கழற்றினேன், முனை வெளுத்துப் போயிருந்தது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்றுதானே அர்த்தம்? ஏர் ஃபில்டர் புதிது. கார்பரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைப் பெட்ரோல் கூடும் பக்கம் அரைச் சுற்று திருப்பினேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை.

எனக்குச் சந்தேகம் எஞ்சினோடு பெண்ட் பைப் (சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்) சேரும் இடத்தில்தான். தொல்லை தொடங்குவதற்குச் சற்று முன் சைலன்சரைக் கழற்றி மாட்டியபோது அந்த இணைப்பில் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கட்டையே போட்டுவிட்டார்கள். இப்போது அங்கே கரி படிந்திருக்கிறது. அந்த இடைவெளியில் காற்று உள்ளே போனால், எரியாமல் வரும் பெட்ரோல் ஆவி சூடான குழாயில் பற்றிக்கொள்ளும் அல்லவா? எஞ்சின் சூடாகும் முன் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். குமிழி வந்தது, ஆனால் மிகச் சிறிதாக.

மெக்கானிக் அண்ணன் டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியை, பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் கார்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார், அவ்வளவு பணத்துக்கு எங்கே போக? கேஸ்கட்டை முதலில் மாற்றிப் பார்க்கலாமா? கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பரில் விரிசல் இருந்தாலும் இப்படி வருமா? அதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.