பொருள்: ஆன்டிவெனம் – எந்தச் சொல்லை அச்சிடுவது?

திண்டுக்கல், செவிலியர் பள்ளி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பாம்புக்கடி சிகிச்சைக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பாம்பு நஞ்சுக்கு எதிராக ஏற்றும் மருந்தான ஆன்டிவெனத்துக்கு ஒரு பக்கத்தில் விஷமுறிவு மருந்து, அடுத்த பக்கத்தில் நஞ்சுமுறி, வேறோரிடத்தில் எதிர்நஞ்சு என்று வந்திருக்கிறது. பூச்சிமருந்து குடித்தவருக்குப் போடும் அட்ரோபினையும் மாணவிகள் நஞ்சுமுறி என்றே எழுதுகிறார்கள். நல்ல பாம்பு கடித்தவருக்கு நியோஸ்டிக்மினோடு அதே அட்ரோபினும் போகும். இரண்டு மருந்துக்கும் ஒரே பெயர் இருந்தால் வார்டில் ஆபத்து. நல்லதாக ஒரு சொல் சொல்லுங்கள்.

மதுரை, தமிழாசிரியர்:
அம்மா, எதிர்நஞ்சு கூடவே கூடாது. எதிராக நிற்கும் இன்னொரு நஞ்சு என்றல்லவா விரியும்? நஞ்சுமுறியும் நச்சுமுறி என்றிருப்பதே முறை. இரும்பிலுள்ள மெல்லெழுத்து இருப்புப்பாதையில் வல்லெழுத்தாகி வன்தொடராவதுபோல இதுவும் ஆகும். வள்ளுவரே ‘நச்சு மரம்பழுத் தற்று’ என்கிறார். அதே குறளில் விருப்பத்தைச் சொல்லும் ‘நச்சப் படாதவன்’ பக்கத்திலேயே நிற்பதைப் பாருங்கள். என் துணிபு, நஞ்சு ‘நை’ என்னும் வேரிலிருந்து வந்தது: நைந்து, நைஞ்சு, நஞ்சு. விரியன் கடித்த இடத்தில் சதை நைந்துபோவதைக் கண்டவர்கள் வைத்த பெயர். விரிவாக நாளை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, சதை நையாமலே கொல்லும் கட்டுவிரியனை அந்த வேரில் எப்படி அடக்குவீர்கள்? பல நேரம் அது கடித்த தடமே தெரியாது. அப்புறம், எங்களிடம் முறி என்றால் அரசின் கடன் பத்திரமான திறைசேரி முறிதான் முதலில் நினைவுக்கு வரும். எங்கள் பாடநூல்களில் ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி என்ற சொல் நிலைத்துவிட்டது. இந்த மருந்தும் அந்த இனந்தானே? நஞ்செதிரி என்று வைக்கலாம். இந்தியாவிலிருந்து வருவது நான்கு பாம்புகளுக்கு உரிய மருந்து. இங்கே அடிக்கடி கடிக்கும் கூன்மூக்கு விரியனுக்கு அது கேட்காது. நால்நஞ்செதிரி என்றால் அந்த வரம்பும் தெரியும்.

வேலூர், மருத்துவர்:
நஞ்செதிரிக்கு என் வாக்கு. முறிவு என்ற சொல்லோடு தினமும் போராடுகிறேன். ஊசி போட்டாயிற்று, விஷம் முறிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று உறவினர்கள் நிற்கிறார்கள். குதிரைக்கு நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துச் செய்யும் மருந்து இது. குருதியில் சுற்றும் நஞ்சைப் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையை ஏற்கெனவே சிதைத்திருந்தால் அதை மருந்து திருப்பாது. நரம்பு தேறும்வரை வென்டிலேட்டரில் வைத்துக் காக்க வேண்டும். கண்ணாடி விரியன் கடியென்றால் 8, 10 குப்பி ஏற்றிய பிறகும் 6 மணி நேரம் கழித்து குருதி உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையை மறுபடி செய்கிறோம். முறிந்துவிட்டது என்று நம்புகிறவருக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது?

கோவை, சித்த மருத்துவர்:
பற்றிக்கொள்வதுதான் வேலை என்றால் நஞ்சுகட்டி எனலாமே? பாதரசத்தை இறுகச் செய்வதை ரசத்தைக் கட்டுவது என்று சொல்லும் பழைய வழக்கே எங்களிடம் உண்டு.

திண்டுக்கல், ஆசிரியை:
அது வேண்டாம் ஐயா. கடிவாய்க்கு மேலே கயிறு கட்டி இறுக்காதீர்கள், இரத்த ஓட்டம் நின்று காலே போய்விடும் என்று முதல் பாடத்திலேயே சொல்கிறோம். நஞ்சுகட்டி என்று படித்தால் மறுபடி கயிற்றைத்தான் தேடுவார்கள்.

வேறு வழியில்லை, பெரும்பாலோர் சொன்னபடி முடிக்கிறேன். மாணவிகளின் பாடத்தில் நஞ்செதிரி. நோயாளியின் வீட்டாரிடம் பேசும் பகுதியில் விஷமுறிவு ஊசி. ஊரில் அதைத்தான் கேட்டு வருகிறார்கள். மருத்துவர் சொன்ன எச்சரிக்கையை அங்கேயே சேர்த்துவிடுகிறேன். அட்ரோபின் போன்றவற்றுக்கு மாற்றுமருந்து என்ற பெயர்.

சென்னை, நூலகர்:
தாமதமாக வருகிறேன். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடித்து, இந்த மருந்து செய்ய நஞ்செடுத்துத் தருகிறவர்கள் இருளர் பழங்குடியினர். அவர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. நஞ்சின் வகைகளுக்கு அவர்களிடம் என்ன பெயர்கள் உள்ளன என்று யாராவது கேட்டோமா?

மதுரை, தமிழாசிரியர்:
நல்ல கேள்வி, கேட்டே ஆக வேண்டும். ஆனால் அச்சுக்கு முன் ஒன்று: எதிரியே வைத்தாலும் அது நச்செதிரி. நஞ்செதிரிக்கு நான் உடன்படவில்லை.