'தீங்கற்ற கட்டி' வேண்டாம்: மூளைக் கட்டிக் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

காரைக்குடியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கான மூளைக் கட்டிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புற்றுநோயாக இல்லாத கட்டியைக் குறிக்கும் 'பினைன்' (benign) என்ற ஒரு ஆங்கிலச் சொல்லில்தான் நிற்கிறேன். எல்லோரும் 'தீங்கற்ற கட்டி' என்று எழுதுகிறார்கள். எனக்குக் கை வரவில்லை.

என் அயித்தைக்கு மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி. அறிக்கையைப் பார்த்தவர் "தீங்கில்லாத கட்டி" என்றதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொன்னதற்குப் போகவே இல்லை. ஒருநாள் காலை, காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கப் பார்வை போயிருந்தது.

மண்டையோடு நம் வீட்டுப் பெட்டகம் மாதிரி, விரிந்து கொடுக்காது. உள்ளே எது வளர்ந்தாலும் மூளையைத்தான் நெருக்கும். எழுந்ததும் கடுமையாக இருக்கும் தலைவலி, வாந்தி, பெரியவர்களுக்கு முதன்முறையாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்வது, பேச்சுக் குழறுவது, குணம் மாறுவது எல்லாம் இந்தக் கட்டியாலும் வரும். 'பரவாக் கட்டி' என்று போடலாமா?

தேவகோட்டையிலிருந்து, மருத்துவர்:

'பரவா' சரிவராது. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று 4ஆம் தரம், மிகக் கொடியது. அதுவே மூளையைத் தாண்டி வேறு உறுப்புக்குப் போவது அரிது. பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவதுதான் அதன் கெடுதல். உங்கள் கணக்கில் அதுவும் பரவாக் கட்டி ஆகிவிடும். நான் 'கேன்சர் இல்லாத கட்டி' என்றுதான் சொல்வேன். எழுத்தில் 'புற்றிலாக் கட்டி' என்று வைக்கலாமே. அப்புறம், பெரும்பாலான தலைவலிக்குக் கட்டி காரணமில்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஊரே பயந்துவிடும்.

பள்ளத்தூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டாக்டர் தம்பி, இலா வேறு, அல்லா வேறு. இல் இருப்பை மறுக்கும். அல் தன்மையை மறுக்கும். 'புற்றிலா' என்றால் கட்டிக்குள் புற்று இல்லை என்றாகும். கட்டியே புற்று அன்று என்பதற்குப் 'புற்றல்லாக் கட்டி'தான் சரி.

ஆனால் இத்தனை சுற்று எதற்கு? 'கழலை' இருக்கிறதே! கழல், கழங்கு, கழற்சிக்காய் எல்லாம் உருண்டையும் உருளலும் சேர்ந்த ஒரே குடும்பம் என்பது என் எண்ணம். சங்கப் பாட்டில் முருகன் பூசாரியான வேலன் குறி பார்த்ததும் கழங்கில்தான். எங்கள் ஆயா வளவில் உட்கார்ந்து கழற்சிக்காய் ஆடுவார். தரையில் அது தனியே உருண்டு நிற்பதைப் பார்த்தவனுக்குக் கழலையை விளக்க வேண்டியதில்லை. சதையோடு ஒட்டாமல் தனித்து நிற்பது கழலை, வேரோடி நிற்பது புற்று. நம்மிடம் உள்ள சொல்லை விட்டுவிட்டு, 'அல்லாத' என்று எதிர்மறையில் பெயர் வைப்பது மொழிக்கு அழகா?

கானாடுகாத்தானிலிருந்து, செவிலியர்:

ஐயா, கழலை என்றால் எங்கள் பக்கம் கழுத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். 'மூளைக் கழலை' என்று எழுதினால் நானே ஒருமுறை நின்றுதான் படிப்பேன். 'புற்றல்லாத கட்டி' என்று விரித்தே எழுதுங்கள், வாய்விட்டுப் படிக்க வரும்.

காரைக்குடியிலிருந்து:

சரி, தனிமடலில் வந்தவர்களையும் சேர்த்துப் பெரும்பாலோர் 'புற்றல்லாத கட்டி' பக்கம். அதையே வைக்கிறேன். முதல்முறை வரும் இடத்தில், "புற்று இல்லை என்றாலும் மூளையை நெருக்கும், மருத்துவர் சொன்ன நாளில் ஸ்கேனுக்குப் போக வேண்டும்" என்ற வரி தடித்த எழுத்தில் இருக்கும்.

பள்ளத்தூரிலிருந்து:

நான் ஒப்பவில்லை அம்மா. வரி நல்ல வரி, இருக்கட்டும். பக்கத்தில் அடைப்புக்குள்ளாவது 'கழலை' என்று போடுங்கள்.