புதுச்சேரி – பெங்களூரு, ஐதராபாத் விமானம்: தூரமும் நிஜ நேரமும்

புதுச்சேரியிலிருந்து பெங்களூரு, ஐதராபாத் போகும் விமானம் பற்றி மூன்று பகுதிக்காரர்கள் சொல்வது இது.

லாஸ்பேட்டை: இங்கே உள்ள புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை நீளம் சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் இறங்க அது போதாது. அதனால்தான் புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர் 72 வருகிறது. இணையத்தில் பறக்கும் நேரம் காட்டும் தளங்கள் பல, ஜெட்டின் 800 கி.மீ. வேகத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஏடிஆர் மணிக்குச் சுமார் 500 கி.மீ.தான் போகும். தளம் காட்டும் நேரத்தை நம்பி அடுத்த டிக்கெட் போடாதீங்க.

நேர்கோட்டுத் தூரம் பெங்களூருவுக்கு ஏறக்குறைய 267 கி.மீ., ஐதராபாத்துக்கு 600 கி.மீ. கடல் மைலில் வேண்டுமானால் 1.852ஆல் வகுத்துக்கொள்ளலாம்: 144, 324.

நெல்லித்தோப்பு: 267ஐ 500ஆல் வகுத்தால் 32 நிமிடம் வரும். ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் போட்டிருக்கும். அது தப்பில்லை. டிக்கெட் நேரம் விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகரும்போது தொடங்கி, அங்கே போய் நிற்கும்போதுதான் முடியும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது, குறைந்த தூரத்தில் முழு வேகத்தில் போகும் நேரமே கொஞ்சம்தான். பெங்களூருவில் இறங்க வரிசை இருந்தால் சுற்ற வைப்பார்கள், தரையில் ஓடும் தூரமும் அதிகம். ஐதராபாத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பம்: எங்க பக்கத்து ஆட்கள் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடணும். அரியாங்குப்பம் தாண்டி முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று ஒவ்வொன்றிலும் நெரிசல். லாஸ்பேட்டை போக ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்க. செக்-இன் கவுன்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். பெங்களூருவில் இறங்கினால், விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியிலிருந்து ஊர் நடுவில் உள்ள மெஜஸ்டிக் பக்கம் வர ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பறக்கும் நேரத்தோடு எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரம், தாமதமும் பெட்டி வாங்கும் நேரமும் சேர்ந்தால் ஆறைத் தொடும். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகக் காரில் போனாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெங்களூரு ஊருக்குள்ளேயே வேலை என்றால் விமானத்தில் பெரிய லாபமில்லை. ஐதராபாத் போகிறவர்களுக்கும் பெங்களூருவில் விமானம் மாறுகிறவர்களுக்கும்தான் இது வரம்.

லாஸ்பேட்டை: மாறுகிறவர்கள் இரண்டு விமானத்தையும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) போடுங்க. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்க. பெங்களூருவில் வெளிநாட்டு விமானங்கள் 2ஆம் முனையத்தில், உள்நாட்டில் பல 1ஆம் முனையத்தில். இடையில் பேருந்து பிடிக்கணும்.

தாமதத்துக்கு முக்கியக் காரணம், ஒரே விமானம் பல ஊர் சுற்றி வருவது. முதல் ஊரில் அரை மணி போனால் கடைசி ஊர் வரை அது தொடரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடுபாதை சரியாகத் தெரியாவிட்டால் இறங்க முடியாமல் வேறு ஊருக்கும் திருப்பிவிடுவார்கள். அந்த மாதங்களில் அன்றே மாறும் டிக்கெட் வேண்டாம்.

நெல்லித்தோப்பு: ஏடிஆரில் தலைக்கு மேல் உள்ள பெட்டி சின்னது. வழக்கமான சக்கரப் பெட்டி உள்ளே போகாது, படிக்கட்டருகிலேயே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். மருந்து, லேப்டாப், பாஸ்போர்ட்டைத் தனிப் பையில் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.